சோடா மூடிச் சரம்

என் சமையலறையில் காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே ஒரு சணல் கயிறும் தொங்குகிறது. அதில் துருப்பிடித்த சோடா மூடிகள் கொஞ்சம் கோத்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். மாடி வீட்டுச் சிறுமி மட்டும் அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா வேலையிலிருந்து திரும்பும் வரை சாயங்காலங்களில் என்னோடுதான் இருப்பாள். கையில் அம்மாவின் பழைய செல்போன் இருக்கும். பள்ளிக்கூடம் அதில்தான் வீட்டுப்பாடம் அனுப்புகிறது, சரியான விடைக்கு அதுவே நட்சத்திரமும் கொடுக்கிறது. போன வாரம் கயிற்றை அண்ணாந்து பார்த்து, "ஏன் ஆன்ட்டி இதுல இவ்ளோ கம்மியா இருக்கு?" என்றாள். இது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, ஏன் குறைவு என்றுதான் கேட்கத் தோன்றியது. அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு நீள ஹாலில் மூங்கில் தட்டிகளை வைத்து வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு டீச்சர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், ஆகவே எனக்கு அக்கா. குமணன்சாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கையில் எப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். சாக்பீஸை விரலில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேயும்வரை விடமாட்டார். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. என் பிள்ளைகள் பாதி நேரம் அவருடைய பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாந்த சொரூபியான ஆசிரியையைப் பற்றி எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

சோடா மூடி யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை குமணன்சாவடி சோடாக் கடையிலிருந்து ஒரு பை நிறைய மூடி கொண்டுவந்து கொட்டினார். பள்ளிக்கூடத்து ஆயா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, கடையே வந்துகீது? ஸ்கூல் வுட்டதும் கலர் விக்கப் போறியா?" என்றாள். அக்கா அவளையே உட்காரவைத்து, ஆணியும் கல்லுமாக ஒவ்வொரு மூடியிலும் ஓட்டை போடச் சொன்னார். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு ஒரு கயிறு கட்டி, மேலே பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டினார்.

ஏற்பாடு எளிமையானது. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று அந்த வாரம் தான் செய்யப்போவதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னது ஒருமுறை நடந்தால் ஒரு மூடி. அதைப் பிள்ளையே எடுத்துத் தன் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். சரிபார்க்க ஆள் கிடையாது. "பொய்யா கோத்துட்டா?" என்று நான் கேட்டதற்கு, "கோத்துக்கட்டுமே. தெனம் அதைப் பார்த்துக்கினு உக்காரப் போறது அவன்தானே?" என்றார். ஒருத்தி, எழுத்துக் கூட்டாமல் ஒரு பக்கம் படிப்பேன் என்றாள். ஒருவன், வீட்டில் தம்பியை ஒரு நாள் அடிக்காமல் இருப்பேன் என்றான். பக்கத்தில் இருக்கிறவனின் ரப்பரைக் கேட்டுவிட்டு எடுப்பேன் என்றான் ஒருவன். மணி அடிக்கும் முன்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவன்தான் பாவம் நிறையக் கஷ்டப்பட்டான். வரிசையின் கடைசி ஆணி அக்காவுடையது. கோபம் வந்தால் யாரையும் கழுதை என்று திட்டமாட்டேன் என்று அவரும் எழுந்து நின்று சொன்னார். ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தால் அவருக்கு ஒரு மூடி. அந்தக் கயிறு மாசக்கணக்கில் ஏறக்குறைய வெறுங்கயிறாகவே கிடந்தது.

எனக்கு இதிலெல்லாம் அப்போது நம்பிக்கை இல்லை. இப்போதும் முழுக்க வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் சில வாரம் தட்டிக்கு அந்தப் பக்கம் மூடிகள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. எல்லாக் கயிறுகளும் ஒரே நீளத்துக்கு வந்து நின்றுவிட்டன. அளவெடுத்து வெட்டியது போல, ஒன்றுகூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை. அக்காவுக்கு முதலில் ஒரே சந்தோஷம். "பாத்தியா, எல்லாம் ஒத்துமையா போவுது" என்றார். எனக்கு என்னவோ இடித்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் எதிலாவது ஒத்துமையாகப் போய் யாராவது பார்த்ததுண்டா?

ஒரு பக்கம் படிப்பேன் என்றவர்களில் ஒரு பெண் இருந்தாள். கிடைத்ததையெல்லாம் படிப்பாள், கடலை மடித்த காகிதத்தைக்கூட விடமாட்டாள். அவள் கயிறுதான் முதலில் மளமளவென்று நீண்டது. ஒரு நாள் காலையில் அக்கா வந்து பார்த்தபோது அது மற்றவற்றின் அளவுக்குக் குறைந்திருந்தது. அவளே கழற்றியிருக்கிறாள். அதோடு வாய்விட்டுப் படிப்பதையும் நிறுத்திவிட்டாள். எழுப்பி நிறுத்தினால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். விளையாட்டு நேரத்தில் அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம். கடைசியில் டப்பாக்காரப் பையன்தான் வாயைத் திறந்தான். "அவ ஸ்பீடா பூட்டா எங்க எல்லாருக்கும் ஏத்திடுவாங்க டீச்சர்" என்றான். எதை ஏற்றுவார்கள், யார் ஏற்றுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

புரியவைத்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் பாக்டரிக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். அவர் அங்கே லேத் மிஷின் ஓட்டும் டர்னர். சாயங்காலச் சங்கு ஊதிய பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நான்தான் பாப்பாகிட்ட சொன்னேன், நாலு பேரோட சேர்ந்து போன்னு. எங்க மிஷின் ஷாப்புல ஒருத்தன் வேலையைச் சீக்கிரம் முடிச்சான்னு வைங்க, மறுநாளு வாட்ச்சைப் புடிச்சுகினு ஒருத்தர் பக்கத்துல வந்து நிப்பாரு. அப்பால அதே வேலைக்கு டைமைக் கொறைச்சுடுவாங்க. அவன் ஒருத்தனால அத்தினி பேருக்கும் கஷ்டம். அதான் முடிச்சதைப் பொட்டிக்குள்ள வெச்சுக்கினு நாளைக்குக் காட்டுவோம்." அக்கா சற்றுச் சூடாகவே, "இது பள்ளிக்கூடம்பா" என்றார். "ஆமா டீச்சர்" என்று அவர் ஒப்புக்கொண்டார். "ஏத்தமாட்டோம்னு அங்கயும்தான் சொன்னாங்க." சண்டைக்கு வந்தவர் போலச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மகளை முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு போய்விட்டார். குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து இந்தப் பேச்சும் நடந்திருக்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள். ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்ததும் இதுவும் அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் அக்கா கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "அந்த ஆளு சொல்றது நெசந்தாண்டி. போன மாசம் ஒருத்தன் ஒரு பக்கம் நல்லாப் படிச்சான். உடனே நான் இன்னா சொன்னேன்? நாளைக்கு ரெண்டு பக்கம் படிடான்னேன். அந்தப் புத்தி நம்ம கையிலயே கீது" என்றார். மணி அடித்ததும் உள்ளே போய் வகுப்பைப் பார்த்துச் சொன்னதை நான் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டேன். "இதோ பாருங்க. நீங்க சொல்றதுதான் அளவு. நான் ஏத்தமாட்டேன். வேற யாரையும் ஏத்த வுடவும் மாட்டேன். இது என் வாக்கு." பிறகு டப்பாக்காரப் பையன், "மெய்யாலுமா டீச்சர்?" என்றான். "மெய்யாலும்டா, கழுதை!" என்றார் அக்கா. மொத்த வகுப்பும் எழுந்து, "டீச்சர், சொல்லிட்டீங்க! சொல்லிட்டீங்க!" என்று கத்தியது. அன்றைக்கும் அவருக்கு மூடி இல்லாமல் போயிற்று.

சிரித்தார்களே தவிர நம்பவில்லை. வாரங்கள் போயின, கயிறுகள் பழையபடி ஒரே நீளத்தில்தான் நின்றன. அந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. அக்கா அதற்காக யாரையும் கெஞ்சவில்லை, மிட்டாய் வாங்கித்தரவும் இல்லை. "வாக்கு குடுத்தவ நானு, அதுங்க இல்ல. நம்பறப்போ நம்பட்டும்" என்பார். ஆனால் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தப் பெண்ணின் கயிற்றருகே போய் நின்றுகொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் மறுபடி படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த மாதங்களில் அவர் மனதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் எங்கள் தலைமையாசிரியையான சிஸ்டர் ஓய்வு பெறவிருந்தார். அவருக்குப் பிறகு அக்காதான் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். ஹாலைக் கழுவிக் கோலம் போட்டு, அவருக்கு ஒரு நாற்காலிக்கு இரண்டாகப் போட்டு வைத்திருந்தோம். என் வகுப்பை முடித்துக்கொண்டு அவர் தட்டியைத் தாண்டினார். நான் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். சுவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கயிறு கயிறாக விசாரித்தார், கழுதைக் கயிற்றைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, "எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எட்டிட்டாங்கன்னா அளவு சுலபமா இருக்குன்னு அர்த்தம். அடுத்த மாசத்துலேருந்து எல்லாத்தையும் ஏத்துங்க, படிக்கறவங்களுக்கு ரெண்டு பக்கத்துக்கு ஒரு மூடின்னு வெச்சுடுங்க. அப்பதான் முன்னேற்றம் தெரியும்" என்றார்.

நாற்பது தலைகளும் அதிகாரியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தன. சிஸ்டர் கண்ணாலேயே 'சரி என்று சொல்லிவிடு' என்று கெஞ்சினார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அதிகாரி அந்தப் பக்கம் போனதும் பழையபடி நடத்திக்கொள்ளலாமே, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "மன்னிக்கணும் சார். அது இவங்க வெச்ச அளவு. நான் ஏத்தமாட்டேன்னு இவங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றார். அதிகாரி விளையாட்டாக, "நான் சொன்னாகூடவா?" என்றார். "யார் சொன்னாலும் ஏத்தறதா இல்ல சார்." அதிகாரியின் சிரிப்பு மெதுவாக வடிந்தது. அவரும் சிஸ்டரும் நான்காம் வகுப்புக்குப் போனார்கள்.

முதலில் எழுந்தவள் அந்தப் பெண்தான். பையைத் திறந்து பென்சில் டப்பாவை எடுத்தாள். அதில் பென்சில் இல்லை, நிறைய மூடிகள்தான் இருந்தன. இத்தனை மாதமும் வீட்டில் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், படித்த பக்கத்துக்கு மூடியும் எடுத்திருக்கிறாள், கோக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் அப்பா முடித்த வேலையைப் பெட்டிக்குள் வைத்த மாதிரிதான். நின்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கோத்தாள். அப்புறம் அடுத்த பையன் சட்டைப் பைக்குள் கைவிட்டான். டப்பாக்காரன் சாப்பாட்டு டப்பாவையே திறந்தான். பைகளிலிருந்தும், ஜாமெட்ரி பாக்ஸ்களிலிருந்தும், ஒருத்தியின் ரிப்பன் முடிச்சிலிருந்தும் மூடிகள் வந்தன. அத்தனை பேரும் ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள்! அந்தச் சத்தத்தில் எனக்கு என் பாடத்தை நடத்த முடியவில்லை. கடைசியில் அந்தப் பெண் ஒரு மூடியைத் தனியாக எடுத்துக்கொண்டு கோடி ஆணிக்குப் போய் அக்காவின் கயிற்றில் கோத்தாள். "இன்னும் மணி அடிக்கலையே, அதுக்குள்ள நான் யாரையாவது திட்டிட்டா?" என்று அக்கா கேட்டார். "இது அதுக்கு இல்ல டீச்சர்" என்றாள் அவள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வகுப்பில் அவள் குரல் அன்றுதான் கேட்டது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். பலகையில் எழுத்தே இல்லை.

ஒப்புதல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் எழுதித் தரவும் இல்லை. வேறொருவர் தலைமையாசிரியையாக வந்தார். அக்கா மூன்றாம் வகுப்பிலேயே இருந்து, தொண்ணூறுகளில் அங்கிருந்தே ஓய்வு பெற்றார். வருத்தப்பட்டாரா என்றால், பட்டார். சம்பளம் வாங்கும் நாட்களில் அதிகாரியை இரண்டு வார்த்தை திட்டுவார். தியாகம் அது இது என்று யாராவது பேசினால், "சும்மா இரு" என்பார். கடைசி நாள் அலமாரியைக் காலி செய்தபோது இந்தக் கயிற்றை என் மேஜை மேல் போட்டார். "நீயே வெச்சுக்கோ. எங்க ஊட்ல ஆணி இல்ல."

இந்தக் கதையை இவ்வளவு நீளமாக மாடி வீட்டுச் சிறுமிக்குச் சொல்லவில்லை. டீச்சர் நிறையத் திட்டுவார், அதனால் கம்மி என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டு மறுபடி செல்போனுக்குள் போய்விட்டாள். விடைகளைச் சரசரவென்று தட்டிக்கொண்டே போனவள், கடைசிக் கேள்விக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். எட்டிப் பார்த்தேன். முந்தின கணக்குகளைவிட அது சுலபம். "ஏன்டா, இது தெரியாதா?" என்றேன். "தெரியும் ஆன்ட்டி. முடிச்சா லெவல் ஏத்திடும்" என்றாள்.

ஏற்றாதே என்று சொல்லிப் பார்க்க வேண்டியதுதானே என்றேன். போனைத் திருப்பி முன்னும் பின்னும் பார்த்தாள். "யார்கிட்ட ஆன்ட்டி சொல்றது?" என்று கேட்டாள். நான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினேன். அவள் அம்மா வந்து அழைத்துப் போகும்வரை இரண்டு பேரும் அந்தக் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தோம்.