லைன் கிடைக்காத மூன்று வாரம்

என் சித்தி பாதிதான் பிரபலம். இடுப்புக்கு மேலே ஊருக்கே தெரிந்த முகம். இடுப்புக்குக் கீழே தேய்ந்த ரப்பர் செருப்பு. காமிரா மேசை விளிம்போடு நின்றுவிடும் என்பதால், மேலே இஸ்திரி போட்ட பளபளக்கும் சட்டையும் கீழே முட்டி வெளுத்த பேன்ட்டுமாகப் பத்தொன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருவில் யாராவது உற்றுப் பார்த்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும், பார்ப்பது முகத்தையா செருப்பையா என்று.

வேலை இதுதான். எங்கள் பக்கத்துக் கேபிள்காரர்கள் நடத்தும் பாட்டுச் சேனலில் தினமும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை நேயர் விருப்பம். நீங்கள் போன் செய்வீர்கள். சித்தி எடுப்பாள். பெயர் என்ன, என்ன பண்றீங்க, வீட்டில் யார் யார், எந்தப் பாட்டு, யாருக்காக. அப்புறம் பாட்டு ஓடும். நீங்கள் கேட்ட பாட்டு பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்காது. "அது இப்ப கைவசம் இல்லீங்க, அதே மாதிரி மனசைத் தொடற இன்னொண்ணு போடறேன்" என்று சொல்லி, சோகப் பாட்டு கேட்டவருக்குக் குத்துப்பாட்டைப் போட்டுவிடுவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பாட்டுக்காக யார் போன் செய்தார்கள்? தன் பெயர் டிவியில் வர வேண்டும், பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிறு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கேபிள் ஆபீசின் இரண்டாவது மாடியில் ஒயர் சுருள்கள் போட்டு வைத்திருந்த அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. பின்னால் ஒரு நீலத் துணி. மேசையில் ஒரு டெலிபோன், ஒரே லைன். காமிராவுக்கு ஆள் கிடையாது. ஸ்டூலோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருப்பார்கள், அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன் செய்கிறவர்கள் எல்லோருக்கும் முதல் வசனம் ஒன்றுதான். "ரொம்ப நாளா ட்ரை பண்றேன் மேடம், இன்னிக்குத்தான் லைன் கிடைச்சுது." சித்திக்கும் பதில் ஒன்றுதான். "முதல்ல டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுப் பேசுங்க." டிவியில் அவள் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அது அவர்கள் போனுக்குள் புகுந்து, அவள் சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொல்லும். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும் என்பாள். சொல்லிச் சொல்லி அது வாயோடு ஒட்டிக்கொண்டது. அம்மா சண்டைக்கு வந்தால்கூட, "அக்கா, சத்தத்தைக் குறைச்சுட்டுப் பேசு" என்பாள். அம்மாவுக்குக் கோபம் இன்னும் ஏறும்.

ஒருவர் சித்தியைக் கட்டிக்கொள்வதாக இருந்தார். நான்கு மணி வேலையை விட்டுவிடச் சொன்னார். சித்தி விட்டது அவரைத்தான்.

நான் தவழ்ந்த காலத்தில் லைன் கிடைப்பது உண்மையிலேயே லாட்டரி விழுகிற மாதிரியாம். இப்போது எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சமையலறையில், அப்பா மாடியில், நான் கட்டிலில். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு. நான் பத்து வினாடி கேட்பேன். பிடிக்காவிட்டால் தள்ளிவிடுவேன், பிடித்தாலும் தள்ளிவிடுவேன். சித்தியின் நிகழ்ச்சியைக் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டால் மூன்று பேரும் தரையைப் பார்ப்போம். இந்தக் காலத்தில் சித்திக்குப் போன் செய்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். அப்படியும் அவர்கள், "ரொம்ப நாளா ட்ரை பண்றேன் மேடம்" என்பார்கள். "அப்படீங்களா, மன்னிச்சுக்குங்க" என்பாள் சித்தி. பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு மரியாதைதான்.

மேனேஜர் நல்ல மனுஷன். கெட்ட செய்தியை டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொல்லுவார். மாத ஆரம்பத்தில் ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேராவது போன் பண்ணணுமாம்" என்றாள் சித்தி, சாப்பிட உட்கார்ந்தபோது. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பாங்களாம். இல்லேன்னா நாலு மணிக்கும் கம்ப்யூட்டரே பாட்டுப் போட்டுக்குமாம். நான் வேணாமாம்."

"இப்ப எத்தனை பேர் பண்றாங்க?" என்றாள் அம்மா.

"நாலு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராங் நம்பரைச் சேர்த்து" என்றாள்.

சிரிப்பு வந்தது. சிரிக்காமல் தண்ணீரைக் குடித்தேன். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

பொய்க்குரலில் போன் பேசுவது எனக்குக் கைவந்த கலை. ஒன்பதாம் வகுப்போடு என்னை வீட்டுக்கு அனுப்பியதே, தலைமையாசிரியை குரலில் பள்ளி முழுவதற்கும் லீவு விட்டதற்காகத்தான். எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, மூக்கி. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் அறுபது வயது ஆம்பிளைக் குரல் வரும், அதனால் அந்தப் பெயர். எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், பழைய சைக்கிள்களுக்கு நடுவில், மூன்று போன்களோடு உட்கார்ந்தோம். மூக்கி ஓய்வுபெற்ற கணக்கர் ஆனாள், லாரி டிரைவர் ஆனாள். நான் புதுசாகக் கல்யாணமானவள், நர்ஸ், பரீட்சைக்குப் படிக்கிற பெண் (இதுதான் கஷ்டமான வேடம்). ஒருத்தி பேசி வைக்கும்போதே அடுத்தவள் நுழைந்துவிட வேண்டும். பாட்டு ஓடும்போதும் மூன்று போனும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கும். போன் அடிக்காமல் சித்தி சும்மா உட்கார்ந்திருக்கிற காட்சி ஒரு நிமிடம்கூட டிவியில் வரக் கூடாது என்பதுதான் எங்கள் திட்டம்.

பன்னிரண்டு. பதினான்கு. ஒரு நாள் பதினேழு.

சித்தி புது உதட்டுச் சாயம் வாங்கினாள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நேயர்களைப் பற்றியே பேச்சு. "ஒரு ரிட்டயர்டு கணக்கர், அக்கா. மருமக ஒரு வாய் காப்பி கொடுக்க மாட்டேங்கறாளாம். கேக்கவே பாவமா இருக்கு."

"கலி முத்திப்போச்சு" என்றாள் அம்மா.

எனக்குப் புரையேறியது. "நிதானமா சாப்பிடுடி" என்று சித்திதான் தலையில் தட்டினாள்.

மூன்றாவது வாரக் கடைசியில், ஐந்து மணிக்குச் சித்தி மாடியிலிருந்து இறங்கி வரும்போது வாசலில் ஒரு தையல்காரர் நின்றிருக்கிறார். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கிறார்.

"ரொம்ப நாளா ட்ரை பண்றேம்மா. லைனே கிடைக்கல."

சித்தி பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டாள். "அதான் நேர்லயே கிடைச்சுட்டேனே, சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். ஒரே நம்பர். வரிசை வரிசையாக, தள்ளத் தள்ள அதே நம்பர், எல்லாமே நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்.

குரலைக் கேட்டதும் சித்திக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், வருடக்கணக்காக, கடையில் தையல் மெஷின் பக்கத்திலிருந்து பேசுகிறவர். மனைவி வீட்டில் படுத்த படுக்கை. இவர் கடையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்பார், அங்கே அவள் படுத்தபடியே டிவியில் கேட்பாள்.

"மூணு வாரமா எங்கேஜ்டுதாம்மா. தினம் நாலு மணிக்கு டிவியைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருந்தா. போன் பண்ண மறந்துட்டீங்கன்னு சொன்னா. நான் மறக்கலம்மா."

"நாளைக்கு நானே அவங்க பேரைச் சொல்லிப் போடறேங்க."

"இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. அங்க உங்க சேனல் வராது."

இதையெல்லாம் சித்தி பிறகுதான் சொன்னாள். அன்று ராத்திரி பேசாமல் படுத்துவிட்டாள். லைன் மூன்று வாரமாக ஓயவில்லை. சரி, நேயர்கள் கூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த மூன்று வாரத்தில் டிவி சத்தத்தைக் குறைங்க என்று தான் எத்தனை பேரிடம் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஐந்தாறு பேர். மற்ற எல்லோருக்கும் லைன் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்திருக்கிறது. கிணறே இல்லை.

மறுநாள் நான் நர்ஸாகப் போன் செய்தேன்.

"வணக்கம் மேடம், ரொம்ப நாளா ட்ரை பண்றேன்…"

"வணக்கங்க. டிவி பார்த்துட்டுத்தானே பேசறீங்க?"

"ஆமா மேடம், ஒரு நாள்கூடத் தவற விட மாட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். இன்னிக்கு நான் என்ன கலர் சட்டை போட்டிருக்கேன், சொல்லுங்க?"

மாடிப்படிக்கு அடியில் ஏது டிவி? சித்தி வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மூக்கி பக்கத்தில் உதட்டைப் பிதுக்கினாள். "நீலம்" என்றேன்.

"நீலம் எனக்குப் பின்னால தொங்கற துணிங்க" என்றாள் சித்தி, டிவிச் சிரிப்புச் சிரித்து. "சிக்னல் சரியில்ல போலிருக்கு. பரவாயில்ல, உங்களுக்காக ஒரு பாட்டு."

வீட்டுக்கு வந்தவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சட்டை மஞ்சள்.

"எத்தனை பேர்டி?"

"ரெண்டு பேர். மூணு போன்."

"அந்தக் கணக்கர்?"

"மூக்கி."

"லாரி டிரைவர்?"

"அதுவும் அவதான்."

"புதுசா கல்யாணமாகி, அம்மா ஞாபகமாவே இருக்குன்னு அழுதுச்சே, அந்தப் பொண்ணு?"

நான் கையைத் தூக்கினேன்.

"அன்னிக்கு நான் பாட்டைப் போட்டுட்டு நிஜமாவே அழுதேன்டி."

அப்புறம்தான் தையல்காரரைப் பற்றிச் சொன்னாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டேன். அந்த அம்மா காத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நான்கு மணிக்கும் நாங்கள் சைக்கிள்களுக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் ஒன்பது நாள்தான் சித்தி" என்றேன். "மாசக் கடைசி வரைக்கும் ஓட்டிட்டா வேலை நிக்கும். தையல்காரருக்கு மட்டும் நடுவுல வழி விடறோம்."

"அப்புறம் அடுத்த மாசம்?"

"அப்பவும் பண்றோம்."

"நீ பேசி நான் கேக்கறதுக்கு எதுக்குடி டிவி? அதை வீட்லயே பண்ணலாமே."

நான் அடுத்த நகத்தைக் கடிக்க ஆரம்பித்தேன்.

"நாளையிலேருந்து லைனை விடு" என்று எழுந்தாள். "நாலு பேர் வந்தாலும் வரட்டும். வராட்டியும் போகட்டும்."

அந்த ஒன்பது நாளும் நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். முதல் நாள் நான்கு, அடுத்த நாள் மூன்று. ஒரு நாள் ஒன்றே ஒன்று. அவரும் ரிமோட் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்லப் போன் செய்தவர். போன் அடிக்காதபோது சித்தி மேசையிலிருந்த காகிதங்களை அடுக்குவாள். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. அடுக்கி முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்குவாள். காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும். மாடிப்படிக்குப் போய் நம்பரை அடிக்கலாமா என்று என் விரல் ஊறியது. போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தேன்.

ஆறாவது நாள் தையல்காரருக்கு லைன் கிடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். பின்னால் யாரோ இருமினார்கள்.

"அவளுக்குத்தாம்மா. அவளுக்குக் கேக்காது. பரவாயில்ல, போடுங்க."

அவர் கேட்ட பாட்டு அதிசயமாகக் கைவசம் இருந்தது. விளம்பரத்துக்கு வெட்டாமல் முழுசாக ஓடவிட்டாள். நானும் முழுசாகக் கேட்டேன். ஒரு பாட்டு எப்படி முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கருவிகள் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் ஒரு புல்லாங்குழல் மட்டும் தயங்கித் தயங்கிப் போயிற்று.

மாதக் கடைசியில் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நான்கு மணிக்குக் கம்ப்யூட்டரே பாட்டுப் போடுகிறது. நன்றாகவே போடுகிறது, திணறாது, மன்னிப்புக் கேட்காது. சித்திக்குக் கீழ்த்தளத்தில் புகார் மேசை. பெட்டியில் படம் வரவில்லை, கோடு கோடாக வருகிறது, பணம் கட்டியும் கட் பண்ணிவிட்டீர்கள். நேயர்களிடம் பேசிய அதே குரலில், வீட்டில் யார் யார் என்று மட்டும் கேட்காமல், எழுதிக்கொள்கிறாள். காமிரா இல்லாததால் இப்போது மேலேயும் பழைய சட்டைதான்.

ஆனால் திரையின் அடியில் ஓடுகிற அந்த நேயர் விருப்ப நம்பரை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாடி அறை பூட்டியிருக்கிறது, டெலிபோன் உள்ளே.

நேற்று முன்தினம் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றாள்.

"நாலேகாலுக்கு மாடி ரூம்ல போன் அடிச்சுது."

"ம்."

"பதினோரு தடவை. நின்னுட்டு, மறுபடியும் அடிச்சுது."

"யாராவது இருக்கும்."

"நீயா?"

"இல்ல சித்தி."

"மூக்கி?"

"அவளும் இல்ல. சத்தியமா."

நான் உண்மை பேசினால் என் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, பார்த்துப் பழக்கமில்லை. என் போனை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"அழிக்கத் தெரியாதவளா நீ?"

"மேனேஜர்கிட்ட சாவி இருக்குல்ல? வாங்கிட்டுப் போய் எடுத்துப் பாரேன். தையல்காரரா இருந்தா?"

சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"சாவி வாங்கி, ரெண்டு மாடி ஏறி, எடுத்து…" என்றாள். "அது நீயா இருந்தா?"

நேற்றும் நாலேகாலுக்கு அடித்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.