எங்கள் வீட்டுக்கு வைக்காத கூறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு நான் முதலில் பார்த்தது, வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்த நான்கு கால்களை. என் தாய்மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னிருக்கைக்குக் குறுக்கே ஒரு பலகை, பலகையின் மேல் மல்லாக்கக் கட்டிய காட்டுப்பன்றி. குளம்புகளில் சேறு இன்னும் காயவில்லை. பல் தேய்க்க வாசலுக்கு வந்திருந்த நான், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பின்னால் ஓடினேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே, ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தன. மற்ற வீடுகளில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள்.

அந்தப் பன்றியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அதன் வேலையைத் தினமும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா நட்டிருந்த மரவள்ளியை அதுதான் தோண்டித் தின்றது. பள்ளிக்குக் கிளம்புமுன் அந்தக் குழிகளை மண் தள்ளி மூடுவது என் பொறுப்பு. ஆகவே அதன் கொழுப்பில் பாதி எங்கள் கிழங்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லயத்தில் வேறு யாருக்குக் கூறு கிடைக்காவிட்டாலும் எங்களுக்குக் கிடைத்தாக வேண்டும்.

செம்பனைக் கன்றுகளைப் பன்றிகள் நாசம் செய்யும்போது, துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த ஒரு சீன முதலாளியை, தவுக்கேயை, தோட்டத்தில் வரவழைப்பார்கள். மாமாவும் நாய்களும் விரட்டிக் கொடுக்க, தவுக்கே சுடுவார். சுட்டதற்கு ஒரு பின்னந்தொடை அவருக்கு. காய்ந்த மட்டைகளைக் கொளுத்தி, மயிர் பொசுக்கி, சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவியபின் ஈரலில் ஒரு துண்டை எல்லைச்சாமிக் கல்லின் முன் வைப்பார்கள். சாமிக்குக் காட்டிய இறைச்சியில் ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது. கீழே கொட்டினால் அடுத்த வேட்டையில் ஒரு நாய் போய்விடும். மாமாவுக்கு அப்படி ஒரு நாய் போயிருந்தது. அந்த விஷயத்தில் அவரிடம் யாரும் வேடிக்கை பேச மாட்டார்கள்.

மீதி இறைச்சி லயத்துக்கு. வாழையிலையில் வீட்டுக்கு ஒன்றாகக் கூறு போடுவார்கள். எலும்பும் சதையும் கொழுப்பும் எல்லாக் கூறிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இருந்தாலும் பெரியவர்கள் ஒருவரையொருவர் நம்புவதில்லை. அதனால் ஒரு பிள்ளையை முதுகு காட்டி நிற்க வைத்து, ஒவ்வொரு கூறாகத் தொட்டு, யாருக்கு என்று கேட்பார்கள். பிள்ளை சொல்லும் வீட்டுக்கு அந்தக் கூறு. அன்று அந்தப் பிள்ளை நான்.

தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது யாருக்கு?" என்றார் மாமா.

"கடேசி வீட்டுப் பெரியம்மாவுக்கு."

"இது?"

"டிரைவர் அங்கிள் வீட்டுக்கு."

எங்கள் வீட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். வெட்டுப்பலகையில் ஒட்டியிருப்பதை வழித்துக் கடைசிக் கூறில் சேர்ப்பது வழக்கம். எட்டு வயதில் அது எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீடாகச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். இலை காலி.

"எங்க வீட்டுக்கு?"

"இல்ல," என்றார் மாமா. கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இல்ல?"

"இல்லன்னா இல்ல லா. போய்க் குளி."

"எங்க கெழங்கத்தான் தின்னுச்சு அது."

"அப்ப அதுகிட்டயே போய்க் கேளு," என்றார் டிரைவர் அங்கிள். எல்லாரும் சிரித்தார்கள். "வாயில காஞ்ச நொரையோட கேள்வி கேக்குது பாரு, போலிஸ்காரன் நாயி மாதிரி."

மாமா சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன். கவனித்து, அதையும் அவருடைய திமிரின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டில் என் புகாரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. சாயங்காலம் அக்காவைப் பெண் பார்க்க அலோர் ஸ்டாரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அக்கா சுங்கை பட்டாணியில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அம்மா இரண்டாம் முறையாக அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொல்லையில் எங்கள் கோழிகள் மேய்ந்துகொண்டிருக்க, அப்பா சுங்கை பட்டாணி வரை போய் அறுத்த கோழி வாங்கி வந்திருந்தார். அதற்கு ஒரு புதுச் சட்டி வேறு.

"மாமா நமக்குக் கூறு வெக்கல," என்றேன்.

"சரி," என்றார் அம்மா.

இப்படிப்பட்ட அநியாயத்துக்கு இதுதான் பதிலா என்று நின்றேன். அம்மா என்னைத் தாண்டிப் போய்த் திரைச்சீலையை மாட்டினார்.

மத்தியானத்துக்குமேல் லயம் முழுக்க அந்த வாசனை. காட்டுப்பன்றியை யாரும் வீட்டுக்குள் சமைக்க மாட்டார்கள். வெளியே மூன்று கல் வைத்து, அதற்கென்றே இருக்கும் சட்டியில் சமைப்பார்கள். மஞ்சளும் செரை என்னும் எலுமிச்சைப் புல்லும் போட்டு ஒரு கொதி விட்டு, வாடை போக அந்தத் தண்ணீரை இறுத்துவிட்டு, பிறகு காய்ந்த மிளகாய், மிளகு, சின்ன வெங்காயம். கொழுப்பு உருகி எண்ணெயாகப் பிரிந்து துண்டுகளின் ஓரம் கறுக்கும்வரை வறட்ட வேண்டும். அன்று எங்கள் வீட்டு வாசலில் மட்டும் புகை இல்லை.

கடைசி வீட்டுப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஒட்டுமொத்த லயத்தில் நியாயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது.

"தாய்மாமனா அவன்?" என்றார் பெரியம்மா, கரண்டியை ஓங்கி. "கூடப் பொறந்தவ வீட்டுக்குக் கூறு வெக்காதவன் யாருக்கு வெட்டிப் போடுறான்? நீ அழுவாத. இந்தா, அம்மாகிட்டக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லு."

ஒரு மங்குக் கிண்ணம் நிறைய எடுத்துத் தட்டுப் போட்டு மூடித் தந்தார். சூடு தாங்காமல் சட்டை நுனியால் பிடித்துக்கொண்டு நடந்தேன். வென்றவளின் நடை அது.

எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த கால்வாய்த் திட்டில் மாமா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. வருகிறவர்களை வரவேற்கத் தாய்மாமனாகத் தயாராக நின்றவரை நான் அதற்குமுன் அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை.

"என்னா அது?"

"ஒன்னும் இல்ல."

தட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தோட்டத்துக் கேட் பக்கம் பார்த்தார். செம்மண் புழுதியோடு ஒரு வெள்ளைக் காடி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. மாமா கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். சாலைக்கு முதுகு காட்டித் திட்டில் உட்கார்ந்தார். தின்னத் தொடங்கினார்.

ருசித்துத் தின்னவில்லை. சூட்டில் வாயைத் திறந்து திறந்து மூடினார். கண்ணில் நீர் வந்தது. துண்டு துண்டாக, மெல்லாமலே விழுங்கினார்.

"எனக்கு ஒன்னு," என்றேன்.

"கூடாது."

"ஒன்னே ஒன்னு மாமா."

"வாயில வெச்சின்னா தோல உரிச்சிருவேன்."

காடி எங்களைக் கடந்து வீட்டு முன்னால் போய் நின்றது. மாமா கிண்ணத்தின் அடியை விரலால் வழித்து நக்கினார். கால்வாயில் கை கழுவினார். ஒரு கொய்யா இலையைப் பறித்து மென்று துப்பி, உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தார். இன்னொரு இலையை மென்றார். மறுபடியும் முகர்ந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லு, மாமாவுக்கு வயித்து வலின்னு."

கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செம்பனை மரங்களுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் இருவரும் தலையை மூடியிருந்தார்கள். வயதானவர் சுற்றிப் பார்த்து, "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கங்க?" என்று கேட்டார். அம்மா, "இப்ப வந்துருவாரு," என்றார்.

"மாமாவுக்கு வயித்து வலி," என்றேன் நான், சத்தமாக. காரணத்தையும் சொல்லிவிடுவதென்று மூச்சை இழுத்தேன். அதற்குள் அக்கா ஒரு லட்டை என் வாயில் திணித்துவிட்டாள். அது முழு லட்டு. கரைந்து இறங்குவதற்குள் பேச்சு கல்யாணத் தேதிக்குப் போயிருந்தது.

தாய்மாமன் வராத பெண் பார்ப்பு என்று லயத்தில் பல நாள் பேசினார்கள். அம்மா தீபாவளிவரை தம்பியிடம் பேசவில்லை. நானும்தான். அம்மாவைவிட அதிக உறுதியோடு.

அலோர் ஸ்டாரில் உணவுக்கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பம் அது. சுங்கை பட்டாணிக் கிளையில் கல்லாவில் இருந்த மகனைத்தான் அக்கா விரும்பியிருந்தாள். லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. மதம் மாறிப் போகிற பெண் என் மருமகளே இல்லை என்று மாமா எங்கள் வீட்டுக்குள் கத்தியிருந்தார். தவுக்கேயோடு பேசி வைத்த வேட்டையை மாற்ற முடியாது என்பதால், நம் வீட்டுக்கு மட்டும் இறைச்சி வேண்டாம் என்று அக்கா அவரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அவர் நாய்களுக்குச் சோறு வைக்கப் போய்விட்டாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது எனக்குக் கல்யாண வயது தாண்டியிருந்தது. கால்வாய்த் திட்டில் நடந்தது அதுவரை அவளுக்குத் தெரியாது.

என் கோபம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். யார் வருகிறார்கள் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பன்றி என்றால் யார் தொட மாட்டார்கள் என்பது என் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அன்று லயமே அந்த வாசனையில் மிதந்தது. காடியின் கண்ணாடியை இறக்கியபோதே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லாமல் கோழிக்குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்த ஒரு வீட்டில், என் வாயில் மட்டும் லட்டு.

அக்கா இப்போது அலோர் ஸ்டாரில் இருக்கிறாள். மாமா இன்னும் வேட்டைக்குப் போகிறார். அவர் வீட்டுச் சமையலறையின் மேல்தட்டில் ஒரு சட்டியும் இரண்டு தட்டுகளும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அக்காவும் அவள் கணவரும் வரும் நாட்களில்தான் அவை கீழே இறங்கும்; மற்ற நாட்களில் அத்தைகூடத் தொடுவதில்லை. மாமாதான் கழுவி வைக்கிறார்.