கல்யாண ரோலும் கறுத்த மருந்தும்

அதத்தான் சொல்ல வாரேன்கா, மகள நம்பி நேத்து கார்ல ஏறுனது என் தப்புலா. இடுப்பே விட்டுப்போச்சு.

அவ பின்னாடி ரூம்ல கலர் பிலிம் கழுவுறால்ல, அந்த மருந்து தீந்துபோச்சு. யாரோ ஒரு பொண்ணோட கல்யாணப் படம் ஒரு ரோல் காத்துக்கிட்டு கெடக்கு. அது கெட்டுப்போனா மறுபடியும் தாலி கட்டுங்கன்னு சொல்ல முடியுமா?

ஈப்போவுல நாலு கடை ஏறி எறங்குனோம், இல்ல. தண்ணி மருந்த போஸ்ட்ல அனுப்ப மாட்டாங்களாம். பொடின்னா அனுப்புவாங்கன்னு கோலாலம்பூர் கடையில சொல்லி வச்சிருந்தா, அதுவும் வரல. பாரிட் புந்தார்ல கடைய மூடப்போற ஒரு சீன மொதலாளி, தவுக்கே கிட்ட ஒரு போத்தல் இருக்குன்னாங்க, அங்கயும் ஓடுனோம். வழியெல்லாம் பச்சப்பசேல்னு வயலு, நான் வாயத் தொறந்துக்கிட்டு தூங்கிட்டேன்.

"பாகுஸ் லா ஆன்டி, நல்ல மருந்து"ங்கிறாரு தவுக்கே. எனக்குப் படிக்கத் தெரியாது, கண்ணு தெரியும்ல. "பால் ஊத்தாத கோப்பி ஓ மாதிரி கறுத்துக் கெடக்கு, நீயே குடி தவுக்கே"ன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

மக கேக்கல. மருந்த கிளாஸ்ல கொஞ்சம் ஊத்தி, பழைய பிலிம் நுனி ஒண்ண வெட்டிப் போட்டா. நுனி கறுத்தா மருந்துக்கு உசிரு இருக்குன்னு அர்த்தமாம். பத்து நிமிஷம் மூணு பேரும் குனிஞ்சு பாத்தோம், நெறம் மாறவே இல்ல. வெறுங்கையோட திரும்பி வந்தோம்.

இன்னிக்குக் காலையில பாத்தா, அந்தப் பொடி வாசல்ல வந்து நிக்குது! நேத்து வீட்லயே இருந்திருக்கலாம்ல? ஆனா மனசு குளுந்துபோச்சுக்கா. இப்ப அதக் கரைக்க வெதுவெதுன்னு தண்ணி கேட்டா, அடுப்புல வச்சிட்டு இங்க வந்து... ஐயோ, கொதிச்சிருக்கும், இரு வாரேன்!