கிழட்டுக் கோழிகளும் என் மச்சாண்டாரும்

என் கணவரின் அண்ணன், அதாவது என் மச்சாண்டார், தீவனக் கடை வைத்திருந்தார். முள்ளிப்பட்டு சாலையில் அவருடைய காலி மனையில்தான் எங்கள் கோழிக் கொட்டகை. இடம் கொடுத்தபோது பெரியவர்கள் நாலு பேர் முன்னால் அவரே சொன்னார்: "கோழி முட்டை வெக்கிற வரைக்கும் எடம் உங்களுது. என்னைக்கு நிக்குதோ, அன்னைக்குத் திருப்பிக் குடுத்துடணும்." என் கணவர் அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டியே வளர்ந்தவர். அன்றும் ஆட்டினார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊரெல்லாம் விசைத்தறி போட ஆரம்பித்தார்கள். மச்சாண்டாருக்கும் அந்த மனையில் தறி போட ஆசை வந்தது. குஞ்சு முட்டைக்கு வர ஐந்து மாதம் ஆகும் என்பது தீவனம் விற்கிறவருக்குத் தெரியாதா? எங்கள் புதுக் குஞ்சுகள் உள்ளங்கை அளவில் இருக்கும்போது, ஆவணிக் கடைசியில், எங்களுக்குக் கடனாகக் கொடுத்துவந்த தீவனத்தை நிறுத்தினார்.

"புரட்டாசி வருது. யாரும்மா முட்டை துன்னப் போறாங்க? கெழட்டுக் கோழிங்கள வித்துத் தள்ளிட்டு நிம்மதியா இருங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

கிழடுகள் முட்டையை நிறுத்தினால் கொட்டகை போச்சு. அரிசி மில்லில் தவிடும் குருணையும் வாங்கினேன். செக்கில் கடலைப் பிண்ணாக்கு, சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல். இடித்து, கலந்து, வைத்தேன். முட்டை வந்தது, ஆனால் ஓடு அப்பளமாக நொறுங்கியது. பாதிக்கு மேல் குப்பைக் குழிக்குப் போனது.

போளூர் கால்நடை டாக்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "ஓடு கெட்டிப்பட வேண்டிய மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், தவிட்டுல இருக்கும்மா. ஆனா பூட்டின பீரோவுக்குள்ள இருக்குது. வயசான கோழியால தொறக்க முடியாது. இந்தப் பொடிதான் சாவி" என்று ஒரு என்சைம் பாக்கெட்டை எழுதிக் கொடுத்தார்.

நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். எங்களுக்குத் தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் பழக்கம். சூடாக இருந்தால்தான் இழைக்குள் இறங்கும் என்பார் என் அப்பா. கோழிக்கும் அப்படித்தான் இறங்கும் என்று நினைத்து, கொதிக்கிற கஞ்சியில் பொடியைக் கரைத்துத் தவிட்டில் பிசைந்தேன். ஓடு அப்படியேதான் இருந்தது. மறுபடி போளூருக்கு ஓடினேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சூட்டுல போட்டா பொடி செத்துப்பூடும்மா! வெறும் தவிட்டுல கலந்து வையுங்க!"

அப்படியே வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஓடு தடித்தது. நான் வெளியே மூச்சு விடவில்லை.

மச்சாண்டார் குப்பைக் குழியில் கிடந்த பழைய ஓடுகளைப் பார்த்துவிட்டு எங்கள் கதை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டார். விசைத்தறிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை காலை, நெற்றி நிறைய நாமத்தோடு, அதே நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். தட்டுகளில் அடுக்கியிருந்த முட்டைகளைக் காட்டினேன்.

"கடையில வாங்கியாந்து அடுக்கிகினு நாடகம் ஆடுறா" என்றார்.

"அப்ப குந்துங்க மாமா. காலையிலதான் வெக்கும், நீங்களே பாருங்க."

சாணி நாற்றம் அதிகம் வீசுகிற மூலையாகப் பார்த்து நாற்காலி போட்டேன். ஐந்து பேரும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் இறக்கை உதிர்ந்த ஒரு கிழட்டுக் கோழி மச்சாண்டார் காலடியிலேயே குந்தி, முக்கி, முட்டை வைத்துவிட்டுக் கொக்கரித்தது. நான் அதை எடுத்து, சூடு ஆறுவதற்குள் அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

புரட்டாசியில் முட்டை இருக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன். "கோவிந்தா!" என்று அலறிக் கையை உதறினார். முட்டை உமித் தரையில் விழுந்து உருண்டு அவர் செருப்பில் முட்டி நின்றது. உடையவில்லை.

பெரியவர்களில் ஒருவர் குனிந்து அதை எடுத்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குதேப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே நடந்தார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். மச்சாண்டார் மட்டும் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கழுவிக்கொள்ள நான் தண்ணீர் கொடுக்கவில்லை.