இரண்டாவது குமிழ் ஸ்பெயர் இல்லை

இன்று தவணைப் பரீட்சை, கணக்கு. ஒன்பதரை மணிக்கு என் மணிக்கட்டில் ஏதோ "ர்ர்ர்" என்று உறுமியது. நான் தடவித் தேடுவதற்குள் நின்றும் விட்டது.

ரீச்சர் நேரே என்னிடம் வந்தார். "போனை எடும். விடைத்தாளையும் தாரும்."

"போன் இல்லை ரீச்சர். மணிக்கூடுதான் கத்தினது."

"போன கிழமை அலுமாரிக்குள்ள கத்தினதும் மணிக்கூடோ?"

"அது தவளை, ரீச்சர்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரீச்சர் எடுத்துக்கொண்ட விடைத்தாள் திரும்பி வராவிட்டால் கணக்கில் முட்டை.

போன மாதம் பரந்தன் சந்தியில், பழைய சாமான் விற்கும் அண்ணையிடம் வாங்கிய மணிக்கூடு அது. பக்கவாட்டில் இரண்டு குமிழ்கள். "ஒண்டு பழுதானால் மற்றது ஸ்பெயர், தம்பி" என்றார். நானும் நம்பினேன். பரீட்சை நாள் என்று காலையில் முதல் தடவையாக இரண்டையும் நன்றாக முறுக்கிவிட்டு வந்தேன்.

ரீச்சரிடம் கழற்றிக் கொடுக்கும்போதுதான் முகப்பைக் கவனித்தேன். சும்மா அழகுக்கு என்று நினைத்திருந்த சிவப்பு அம்பும், மணி முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. அட, இது அலாரம் மணிக்கூடு.

"ரீச்சர், மேல் குமிழை முறுக்கிப்போட்டு, அதாலயே சிவப்பு அம்பை ஒருக்கா சுத்தி, மறுபடி மணி முள்ளுக்கு நேரா கொண்டு வாங்கோ."

செய்து பார்த்தார். அவர் உள்ளங்கையிலேயே அது மறுபடி உறுமியது. கையை உதறி, மணிக்கூட்டை மேசையில் போட்டுவிட்டு, விடைத்தாளைத் திருப்பித் தந்தார்.

"எழுதும்."

விட்ட கணக்கிலிருந்து தொடங்கினேன்.

மூன்று குமிழ் மணிக்கூடு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், மூன்றாவது எதற்கென்று இப்போதே சொல்லிவிடுங்கள். நாளைக்கு விஞ்ஞானப் பரீட்சை.