சாமிக்கு ஒரு சாக்லேட் கேக்

பின்லாந்தின் தாம்பரே நகரத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்று "சாமி, வா!" என்று நான் கூப்பிட்டால் நீலக் குல்லாய் போட்ட ஒரு பையன் திரும்பிப் பார்ப்பான். அவன் என் பிள்ளை இல்லை. அங்கே சாமி என்பது ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர், நம் ஊரில் குமார், செந்தில் மாதிரி. என் மகள் கயல், கூப்பிட்டது தன்னை இல்லை என்பதுபோலப் பனியில் குழி தோண்டிக்கொண்டிருப்பாள். நான் அந்தப் பையனிடம் கையை ஆட்டி மன்னிப்புக் கேட்பேன். அவனும் பெருந்தன்மையாகத் தலையை அசைத்துவிட்டுப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவான்.

நாமக்கல் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பிள்ளைகளையும் சாமி என்போம், பெரியவர்களையும் சாமி என்போம். கோயிலில் இருப்பவரும் சாமிதான், அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்ணு, தங்கம் என்பதெல்லாம் கொஞ்சும்போதுதான் வரும். சாமி என்பது சோறு போடும்போதும் வரும், திட்டும்போதும் வரும். என் அப்பா என்னை வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அம்மா கேலி செய்வார்.

போன ஆண்டு கயலின் பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டு ரித்வா அம்மாள் மூன்றடுக்குச் சாக்லேட் கேக் ஒன்று சுட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊரில் அண்டை வீட்டுக்காரர் முகம் பார்த்துச் சிரிக்கவே ஓராண்டு பிடிக்கும். கேக் சுட்டுக் கொடுத்தார் என்றால் அது சம்பந்தம் பேசியதற்குச் சமம். பெட்டியைத் திறந்தால், கறுப்புக் கேக்கின்மேல் வெள்ளைக் கிரீமில், அவர்கள் எழுத்தில் 'சாமி' என்று இருந்தது. பால்கனியிலிருந்து நான் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அதுதான் பிள்ளையின் பெயர் என்று நினைத்திருக்கிறார். "பெண்ணுக்கு ஏன் ஆண் பெயர் என்று கேட்க நினைத்தேன். உங்கள் நாட்டு வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்" என்றார். வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயல் சிரிக்கவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டாள். இனி அவளை யாரும் சாமி என்று கூப்பிடக் கூடாது, அடுத்த கேக்கில் அவள் பெயர்தான் இருக்க வேண்டும். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். வாய் கேட்டால்தானே!

எனக்கு வருத்தம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கயல் என்று கூப்பிடும்போது யார் வீட்டுப் பிள்ளையையோ அழைக்கிற மாதிரி இருக்கிறது. அவளுக்கு அங்கே எல்லாம் கிடைத்துவிட்டது, பாஷை, சிநேகிதிகள், பனிச்சறுக்குக் கட்டை. என்னிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஊர்ச் சொத்து இந்த ஒரு சொல்தான். அதையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

இந்த ஆண்டு பள்ளி விடுமுறைக்கு நாமக்கல்லில் என் அம்மா வீட்டுக்கு வந்தோம், பிறந்தநாளும் இங்கேயே வந்தது. ரித்வா சுட்ட அதே கேக் வேண்டும், ஆனால் சரியான பெயரோடு என்றாள் கயல். ஆறு முட்டை வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். ஆயுசு முழுக்கக் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டியவர் அவர். தட்டு நிறைய முட்டையோடு வந்து நின்றார்.

"ஆறு போதுமுன்னு சொன்னேனுங்கப்பா."

"நாமக்கல்லுல நின்னுக்கிட்டு ஆறு முட்டை கேட்டா நம்மள என்ன நெனப்பாங்க சாமி?"

கயல் ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிப் பார்த்தாள். பின்லாந்தில் முட்டை ஓட்டின்மேல் பண்ணையின் எண்ணைக் குத்தியிருப்பார்கள். "இதுல யாரோட பேரும் இல்லையே அப்புச்சி" என்றாள். "முட்டைக்கெதுக்கு சாமி பேரு?" என்றார் அப்பா. அவள் என்னை முறைத்தாள். அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். "சரி, இனிமே சொல்லலை சாமி" என்றுதான் அவரால் வாக்குக் கொடுக்க முடிந்தது.

வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரின் அடியில் உப்பைக் கொட்டி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, முட்டையும் சர்க்கரையும் நுரைக்க அடித்து, மைதாவும் கோகோவும் சலித்துக் கலந்து, அடுக்கடுக்காக வேகவைத்தேன். அடுக்குகள் அழகாக எழும்பி வந்தன. கெடுத்தது கிரீம்தான். அங்கே சாக்லேட் கிரீமைப் பால்கனியில் கொஞ்சம் வைத்தால் கெட்டியாகிவிடும். இங்கே ஃபேனுக்கு அடியில் வைத்தும் ரசம் மாதிரி ஓடியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் பாய் அப்பாவுக்குப் பழக்கம். அவர் கடையில் ஏசி அறை உண்டு. அங்கேயே கிரீம் பூசி, மேலே பெயர் எழுதி வாங்கி வருவதாக அப்பா அடுக்குகளை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார்.

அங்கே நடந்ததை அப்பா பிறகு சொன்னார்.

"கேக்கு யாருக்குங்க?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"எங்க சாமிக்குங்க பாய்."

பாய் கையிலிருந்த கிரீமைக் கீழே வைத்துவிட்டாராம். "இதுல முட்டை போட்டிருக்குதுங்களா?"

"முட்டை இல்லாம கேக்குங்களா?"

"தப்பா நெனக்காதீங்க. சாமிக்குப் படைக்கறதுல முட்டை ஆகுமுங்களா?"

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட, கோயில் சாமி இல்லீங்க பாய். சாமி எம் பேத்திங்க. அவ பேரை மேல எழுதீருங்க."

பாய் நிம்மதியாக எழுதிவிட்டார்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடியிருக்கப் பெட்டியைத் திறந்தோம். கேக் பளபளவென்று இருந்தது. அதன்மேல் ஆங்கில எழுத்தில், ரோஜாப் பூவுக்கு நடுவே, 'சாமி'. ரித்வா செய்த அதே தப்பு, கடல் தாண்டி வந்து மறுபடியும் உட்கார்ந்திருந்தது. ஆங்கில எழுத்து தெரியாத அப்பா பெருமையாகக் கத்தியை நீட்டினார். கயல் ஒருமுறை படித்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்து கொடுத்த சத்தியமும் போயிற்று, அந்தச் சொல்லும் இனி திரும்பாது என்று தோன்றியது. விஷயம் புரிந்ததும் அப்பா முகம் சுருங்கிவிட்டது. "பேரை எழுதுங்கன்னுதான் சொன்னேன் சாமி. நீ அழுவாத சாமி" என்று என் தலையைத் தடவினார். தெருவிலிருந்து யாரோ ஒருத்தி, "டேய் சாமி, கேக்கு வெட்டுனா ஊட்டுக்கும் ஒரு துண்டு வாங்கியாடா!" என்று தன் பிள்ளைக்குக் குரல் கொடுத்தாள். அப்பா துணைக்குக் கூப்பிட, சமையலறையிலிருந்து அம்மா, "வாரேன் சாமி, வாரேன்" என்று அப்பாவுக்குப் பதில் சொன்னார்.

கதவு கொஞ்சம் திறந்தது. "அம்மா, அப்புச்சி உன்னையுமா சாமின்னு கூப்புடறாரு?"

"ஆமா. நான் பொறந்ததுல இருந்து."

"அப்ப நீயும் சாமி, அந்தப் பையனும் சாமி, அப்புச்சியும் சாமியா?"

"எல்லாருந்தான்."

வெளியே வந்து கேக்கை மறுபடி படித்தாள். "அப்ப இதுல எல்லாரோட பேரையும் எழுதியிருக்காங்க" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்டி, ஒவ்வொருவருக்கும் அவளே கொடுத்தாள். "இந்தா சாமி, இந்தா சாமி" என்று அவள் கொடுத்ததில் பாதி கேலி இருந்தது. அப்பாவுக்கு ரொம்பப் பெரிய துண்டு. அன்று தூங்கப் போகும்முன் என்னிடம் ஒப்பந்தம் பேசினாள். இங்கே கூப்பிடலாம், அங்கே கூப்பிடக் கூடாது. கிடைத்தவரைக்கும் லாபம் என்று ஒத்துக்கொண்டேன். மீதி இருந்த விடுமுறை முழுக்க, கூப்பிடத் தேவையில்லாதபோதும் கூப்பிட்டேன்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. முதல் நாள் சாயங்காலம் வாசலில் நின்று, சொல் நாக்கு நுனிவரை வந்தும் விழுங்கிவிட்டு, "கயல்!" என்றேன். அவள் சிநேகிதிகளை விட்டு ஓடிவந்து, மைதானத்துக்கே கேட்கும்படி, "வந்துட்டேன், வா சாமி, போலாம்!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நீலக் குல்லாய்ப் பையன் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு, "மித்தா?" என்றான். என்ன என்று அர்த்தம்.