பால்வாடிக்குப் போன பசை வாளி

திண்டிவனத்து டூரிங் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுகிறவர் விருத்தாசலம். கூட்டேரிப்பட்டு வரைக்கும் எந்தச் சுவரில் காரை உதிரும், எந்தச் சுவர் பசையை உறிஞ்சும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாலு தாள் சேர்த்து ஒட்டும் பெரிய படத்தில் கதாநாயகியின் மூக்கு ஒரு நூல் பிசகினாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவர் தெருவுக்குப் பக்கத்தில் பால்வாடி திறந்தார்கள். அவருடைய மூன்று வயது மகள் பாஞ்சாலியும் போனாள். ஒரு நாள் டீச்சர் லட்சுமியம்மாள் அவரைக் கூப்பிட்டு, "பழைய போஸ்டரும் கொஞ்சம் பசையும் கொண்ணாந்து குடுங்க. புள்ளைங்க ஒட்டி வெளையாடட்டும்" என்றார்.

மாடு தின்னாமலிருக்கப் பசையில் மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலப்பது வழக்கம். பிள்ளைகள் விரலைச் சூப்புமே என்று துத்தம் போடாமல் மைதாவை மட்டும் காய்ச்சி, வேறொரு வாளியில் எடுத்துப் போனார்.

அங்கே நடந்தது அவருக்குப் பிடிபடவே இல்லை. நல்ல நல்ல போஸ்டரைப் பிள்ளைகள் கிழித்தார்கள்; டீச்சர் தடுக்கவில்லை. கிழித்ததை நியூஸ் பேப்பரில் கண்ட இடத்தில் அப்பினார்கள். பாஞ்சாலி ஒரு மீசையைத் தலைகீழாக ஒட்டி, அதன் கீழே ஒற்றைக் கண்ணையும் பக்கத்தில் மல்லாட்டைக் கடலைத் தோலையும் வைத்தாள். விருத்தாசலத்துக்குப் பொறுக்கவில்லை. மீசையை உரித்துக் கண்ணுக்குக் கீழே நேராக ஒட்டினார். பாஞ்சாலி வீறிட்டு அழுதாள்.

"வுடுங்க, அது இஷ்டத்துக்கு ஒட்டட்டும்" என்றார் டீச்சர்.

"இது என்னா படம்ங்க டீச்சர்?"

"எனக்குத் தெரியலியே. அதையே கேளுங்க."

கேட்டார். "ஒட்னது" என்றாள் பாஞ்சாலி, விசும்பிக்கொண்டே.

ராத்திரி சாப்பிடும்போது மனைவி செண்பகத்திடம் புலம்பினார். "கிழிக்கறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? ஒண்ணும் புரியல, ஒரே பேஜாரா கீது."

"அது சிரிச்சிக்கினுதானே வருது? கம்முனு சாப்புடு" என்றாள் செண்பகம்.

அடுத்த வாரம் மறுபடியும் வாளியோடு போனார். பாஞ்சாலி ஒரு துண்டை அவர் கையில் திணித்தாள். "நீ ஒட்டு."

வெறும் சிவப்பு. மூக்குமில்லை, எழுத்துமில்லை. எது மேல், எது கீழ்? திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா ஒட்டறது?"

"அங்க" என்றாள், எங்கேயும் காட்டாமல்.

ஒரு மூலையில் வைத்து விரலால் நீவிவிட்டார். அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு அதன்மேல் ஒரு புளியங்கொட்டையை அழுத்திவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். சரியாக ஒட்டினோமா தப்பாகவா, அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

பாஞ்சாலி ஒண்ணாம் வகுப்புக்குப் போகும்வரை வாரம் தவறாமல் பசை கொண்டுபோனார். பால்வாடியில் உமக்கு என்ன வேலை என்று கொட்டகையில் யாராவது கேட்டால், "அது வந்து..." என்று தொடங்குவார். அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.